நடுச் சிப்பாயைக் கொடுத்த பிறகு சறுக்கும் இடங்கள்

பாளையங்கோட்டையில் பள்ளிப் பிள்ளைகளுக்கான செஸ் போட்டி என்றால், சுற்றுகளுக்கு நடுவே வராந்தாவில் ஒருவரையொருவர் மடக்கிப் பார்க்க ஏற்ற பழைய புதிர் ஒன்று உண்டு. வெள்ளைச் சிப்பாய்கள் ஏ5, பி5, சி5 (எழுத்து நெடுவரிசை, எண் கிடைவரிசை). கறுப்புச் சிப்பாய்கள் ஏ7, பி7, சி7. வெள்ளை ராஜா ஜி1, கறுப்பு ராஜா ஜி5. வெள்ளை ஆடி வெல்ல வேண்டும்.

ஓரச் சிப்பாயைத் தொட்டால் கதை முடிந்தது. ஏ6 வைத்தாலும் சி6 வைத்தாலும் கறுப்பு எதையும் வெட்டாமல் பி6 என்று வழியை அடைத்துவிடும். பிறகு அதன் ராஜா நிதானமாக வந்து பி5ஐத் தின்னும்.

விடை பி6. சும்மா தூக்கிக் கொடுப்பதுதான்! தென்காசி பஸ்ஸில் உட்கார்ந்து கைப்பேசியில் புதிர் போடுகிறவர்கள் இதைக் குருட்டாம்போக்கிலும் கண்டுபிடித்துவிடுவார்கள். அடுத்த நகர்வில்தான் விஷயம் இருக்கிறது. ஏ7 சிப்பாய் வெட்டியதும் கை தானாகத் திருப்பி வெட்டப் போகும். வெட்டினால் எல்லாம் வீண். இன்னொன்றையும் கொடுக்க வேண்டும்: சி6! பி7 அதை வெட்டினால் ஏ6. அந்தச் சிப்பாயை மறிக்க ஆளில்லை. வெட்டாமல் ஏ5ஐத் தின்றால், சி6 சிப்பாய் பி7ஐ வெட்டி, கடைசி வரிசைக்குப் போய் ராணியாகும்.

ஒரு பக்கத்தை மட்டும் மனப்பாடம் செய்வது அடுத்த தவறு. முதலில் சி7 சிப்பாய் பி6ஐ வெட்டினால், இரண்டாவது பலி ஏ6. பி7 அதை வெட்டியதும் சி6 ஓடும்.

கறுப்பு ராஜா நிற்கும் கட்டத்தை எண்ணாமல் கொடுக்கவே கூடாது. அது டி8இல் இருந்தால், ஏ6 வைத்த பிறகும் சி8, பி7 என்று வந்து மறித்துவிடும். யார் முறை என்பதையும் பாருங்கள். கறுப்பின் முறையென்றால் அதுவே பி6 வைத்துவிடும்.

தியாகம் நமக்கு மட்டும்தான் தெரியும் என்ற நினைப்பும் ஆபத்து. வெள்ளை ராஜா சி2, சிப்பாய் சி7. கறுப்பு ராஜா ஏ1, யானை டி4. வெள்ளையின் முறை. சிப்பாயை சி8க்குத் தள்ளி ராணி எடுத்தால் யானை சி4க்கு வந்து செக் வைக்கும். ராணி அதை வெட்டினால் கறுப்புக்கு நகர்வே இல்லை, ஸ்டேல்மேட், ஆட்டம் டிரா. 1895இல் கிளாஸ்கோவில் இருந்த சாவெத்ரா என்ற ஸ்பானியப் பாதிரியார் கண்ட வழி, ராணிக்குப் பதில் யானை எடுப்பது. ஏ8இல் மேட் மிரட்டல் இருப்பதால் கறுப்பு யானை ஏ4க்குப் போயாக வேண்டும். அப்போது ராஜா பி3. யானையை நகர்த்தினால் சி1இல் மேட். நகர்த்தாவிட்டால் யானையே போய்விடும்.