பழைய வாட்ச், பழைய கிட்டார்: அக்கறையால் கெடும் மதிப்பு

திருநெல்வேலிச் சீமையில் ஐம்பது, அறுபது ஆண்டுகளுக்கு முன் கல்யாணம் முடித்த மாப்பிள்ளைமார் பலருக்கு மோதிரத்தோடு ஒரு கைக்கடிகாரமும் கிடைத்தது. கொழும்பில் கடை வைத்திருந்த சொந்தக்காரர் கொண்டுவந்த சுவிஸ் வாட்சாகவோ, பெங்களூரில் 1961இல் உற்பத்தியைத் தொடங்கிய எச்.எம்.டி. ஆலையின் வாட்சாகவோ அது இருந்தது. அதே காலத்தில் பாளையங்கோட்டை, நாசரேத் பக்கத்துத் தேவாலயப் பாடகர் குழுக்களிலும், கோயில் கொடைகளுக்கு வாசிக்கப் போன மெல்லிசைக் குழுக்களிலும் கிட்டார்கள் புழங்கின. இப்போது அந்த வாட்சுகள் பீரோவிலிருந்தும், கிட்டார்கள் பரணிலிருந்தும் வெளியே வருகின்றன. எடுப்பவர் இசைப் பித்துள்ள பேரனாகவோ பேத்தியாகவோ இருந்தால், வெளிநாட்டில் ஒரு கிட்டார் பல கோடிக்கு ஏலம் போன செய்தியும் கூடவே நினைவுக்கு வரும். அந்த நினைப்பில் செய்யும் காரியங்கள்தான் பல நேரங்களில் பொருளின் மதிப்பைக் குறைக்கின்றன. இத்தகைய பொருள்களை அலட்சியம் கெடுத்ததைவிட அக்கறை கெடுத்ததே அதிகம் என்பது என் எண்ணம்.

அக்கறை செய்யும் முதல் தவறு, பழையதைப் புதிதாக்குவது. டயல் மங்கிய வாட்சைக் கடையில் நீட்டினால், “அண்ணாச்சி, புதுசு மாதிரி ஆக்கித் தாரேன்” என்ற பதில் வரக்கூடும். அவரைக் குறை சொல்ல முடியாது. அவரிடம் வருகிறவர்கள் கேட்பது பளபளப்பைத்தான். ஆனால் சேகரிப்பாளரின் கணக்கில் ஒரு வாட்சின் விலையில் பெரும்பங்கு டயலில் இருக்கிறது. மறுபடி அச்சிட்ட டயல் எவ்வளவு அழகாக இருந்தாலும் அந்தப் பங்கு போய்விடும். வாட்ச்காரர் கண்ணில் இடுக்கிக்கொள்ளும் லென்ஸ் ஒன்று இருந்தால் வித்தியாசத்தை நாமே பார்த்துவிடலாம். ஆலையில் அச்சான எழுத்தின் ஓரம் வெட்டினாற்போல் கூர்மையாக இருக்கும். மறுபடி அச்சிட்டதில் எழுத்து தடித்து, வளைவுகளில் மை பிதுங்கியிருக்கும். நிமிடக் கோடு மணிக்குறியின் நடுவில் வந்து நிற்காமல் மயிரிழை விலகி நிற்கும். கனத்த பெயிண்டில் மணிக்குறிகளின் அடி அமிழ்ந்திருக்கும். ஆறு மணிக்குக் கீழே இருக்க வேண்டிய பொடி எழுத்து காணாமல் போயிருக்கும், அல்லது எழுத்துப் பிழையோடு இருக்கும். எச்.எம்.டி., ஃபேவர் லூபா, வெஸ்ட் எண்ட் என்ற பெயர்களில் இணையத்தில் மலிவாகக் கிடைக்கும் ஆரஞ்சு, கிளிப்பச்சை டயல்களில் பெரும்பாலானவை இந்த ரகம்தான். வெளிநாட்டுச் சேகரிப்பாளர்கள் இவற்றுக்கு ‘மும்பை ஸ்பெஷல்’ என்று கேலிப்பெயரே வைத்துவிட்டார்கள்.

வாட்சின் உலோக உடலான கேஸைப் பாலிஷ் சக்கரத்தில் கொடுப்பதும் இதே வகைத் தவறு. ஒவ்வொரு பாலிஷிலும் உலோகம் கொஞ்சம் கரைகிறது. கூராக இருந்த விளிம்புகள் மழுங்கி, பின்மூடியில் வெட்டிய எண்கள் தேய்கின்றன. கீறல் அப்படியே இருக்கட்டும். முள்ளிலும் எண்களிலும் பழுப்பேறிக் கிடக்கும் ஒளிப்பூச்சைச் சுரண்டிப் புதுப்பூச்சு வைப்பதோ விலையைக் குறைப்பதோடு உடம்புக்கும் ஆகாது. 1960களுக்கு முந்தைய வாட்சுகள் பலவற்றில் அந்தப் பூச்சு ரேடியம் கலந்தது. இருட்டில் அது மின்னாமல் போனதற்குக் காரணம், கூடக் கலந்திருந்த துத்தநாக சல்ஃபைடு செயலிழந்ததுதான். ரேடியத்தின் அரை ஆயுள் ஏறத்தாழ 1,600 ஆண்டு என்பதால் அது அப்படியேதான் இருக்கிறது. அந்தத் தூள் மூச்சில் போகக் கூடாது.

கிட்டாரில் இதற்கு இணையான தவறு, மறுபூச்சு அடிப்பது. ஃபெண்டர், கிப்சன், மார்ட்டின் நிறுவனங்களின் பழைய கிட்டார்கள் பலவற்றில் நைட்ரோசெல்லுலோஸ் லாக்கர் மெல்லிய படலமாக அடிக்கப்பட்டிருக்கும். காலப்போக்கில் அது சுருங்கி, உடலெங்கும் பொடிப்பொடியாக வெடிப்புக் கோடுகளை விடும். நாற்காலிக்கு வார்னிஷ் அடிக்கும் ஆசாரியின் கண்ணுக்கு அது கெட்டுப்போன பூச்சு. வாங்க வருகிறவர் முதலில் தேடுவதே அந்தக் கோடுகளைத்தான். அசல் பூச்சைச் சுரண்டி மறுபடி அடித்தால் விலை ஏறத்தாழப் பாதியாகிவிடும் என்பது பழைய கிட்டார் வியாபாரத்தில் பரவலாகச் சொல்லப்படும் கணக்கு.

வெளியே தெரியாத பாகங்களிலும் இதே கவனம் வேண்டும். எலெக்ட்ரிக் கிட்டாரில் ஒலியைக் கூட்டிக் குறைக்கும் குமிழுக்கு அடியில் பொட்டன்ஷியோமீட்டர் என்ற சிறு பாகம் இருக்கிறது. அமெரிக்கக் கிட்டார்கள் பலவற்றில் அதன் முதுகில் ஓர் எண் பொறித்திருக்கும். 1376612 என்று இருந்தால், 137 என்பது அந்தப் பாகத்தைச் செய்த சி.டி.எஸ். நிறுவனத்தையும், 66 என்பது 1966ஆம் ஆண்டையும், 12 என்பது அந்த ஆண்டின் 12ஆம் வாரத்தையும் குறிக்கும். ஃபெண்டர் நிறுவனம் 1965 ஜனவரியில் சி.பி.எஸ். என்ற ஒலிபரப்பு நிறுவனத்தின் கைக்கு மாறியது, அதற்கு முந்தைய கிட்டார்களுக்குத் தனி மவுசு. ‘1963ஆம் ஆண்டு ஃபெண்டர்’ என்று சொல்லி ஒருவர் நீட்டும் கிட்டாருக்குள் மேற்சொன்ன எண் இருந்தால், ஒன்று பாகம் மாறியிருக்கிறது, அல்லது ஆண்டு பொய். ஆகவே கரகரவென்று சத்தம் வருகிறது என்று அந்தப் பாகத்தைக் கழற்றி எறிகிறவர், கிட்டாரின் பிறப்புச் சான்றிதழையே எறிகிறார். மின்பாகங்களைச் சுத்தம் செய்யும் கான்டாக்ட் கிளீனரை ஒரு பீச்சு பீச்சினாலே பெரும்பாலும் அந்தக் கரகரப்பு போய்விடும். போகாவிட்டால் புதியதைப் போட்டுக்கொண்டு, பழையதை உறையில் போட்டுக் கிட்டார் பெட்டிக்குள்ளேயே வைத்துவிட வேண்டும். பழைய டயல், பழைய முறுக்காணி, கடை ரசீது, வாரண்டி அட்டை எல்லாவற்றுக்கும் இதே விதிதான்.

இதைச் சொன்னால், எதையும் தொடாமல் வைப்பதே நல்லது என்று சிலர் எடுத்துக்கொள்கிறார்கள். அதுவும் சரியல்ல. எண்ணெய் காய்ந்த வாட்சைத் தினமும் சாவி கொடுத்து ஓட்டினால் அச்சுகள் தேயும். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை பிரித்துக் கழுவி, வாட்சுக்குரிய எண்ணெயைப் போட வேண்டும். தையல் மெஷின் எண்ணெய் அதற்கு ஆகாது. கிட்டாரின் கழுத்தில் குறுக்கே பதித்த, தேய்ந்த உலோகக் கட்டைகளான ஃப்ரெட்டுகளை மாற்றுவதும், சாய்ந்துவிட்ட கழுத்தைக் கழற்றிச் சரியான கோணத்தில் மறுபடி பொருத்துவதும் மதிப்பைக் காக்கும் வேலைகள். இயங்குவதற்காகச் செய்யும் பழுதுபார்ப்பையும் அழகுக்காகச் செய்யும் அலங்காரத்தையும் பிரித்துப் பார்த்தால் போதும்.

ஒரு விதிவிலக்கு உண்டு. விற்பவர்கள் அதைத்தான் வாய்ப்பாடாகச் சொல்வார்கள். ராக் கிட்டார் கலைஞர் எரிக் கிளாப்டனின் ‘பிளாக்கி’ என்ற கிட்டார் மூன்று பழைய ஃபெண்டர்களின் பாகங்களைச் சேர்த்து அவரே உருவாக்கியது. 2004இல் அது 9,59,500 டாலருக்கு ஏலம் போனது. பிங்க் ஃபிளாய்ட் ராக் குழுவின் டேவிட் கில்மர் கழுத்தையும், கம்பியின் அதிர்வை வாங்கும் பிக்கப்புகளையும் திரும்பத் திரும்ப மாற்றிய கறுப்பு ஃபெண்டர், 2019இல் 39,75,000 டாலருக்குப் போனது. ‘அவர்களே மாற்றியிருக்கிறார்களே’ என்று கேட்டால், அங்கே மாற்றியவர் யார், எப்போது மாற்றினார் என்பதற்குப் படமும் பதிவும் இருக்கின்றன. நம் ஊர்க் கடையில் மூன்று வாட்சுகளைப் பிரித்து ஒன்றாக்கியதற்கு அந்தச் சலுகை கிடைக்காது.

இங்கிருந்துதான் அடுத்த பெரிய தவறு வருகிறது: கதைக்குக் காசு கொடுப்பது. நிர்வாணா ராக் குழுவின் பாடகர் கர்ட் கோபேன் 1993 நவம்பரில் எம்.டி.வி. நிகழ்ச்சியில் வாசித்த 1959ஆம் ஆண்டு மார்ட்டின் டி-18இ கிட்டார், 2020இல் 60 லட்சம் டாலருக்கு மேல் விலைபோனது. அந்த மாடல் சேகரிப்பாளர்கள் வரிசையில் நின்று வாங்கும் ரகமே அல்ல. விலை முழுவதும் அவர் கையில், அந்த ஒரு நாளில், கேமரா முன்னால் அது இருந்ததற்காகக் கொடுக்கப்பட்டது. சான்று இல்லாவிட்டால் அது வெறும் பழைய மார்ட்டின்தான்.

இதை நம் ஊருக்குப் பொருத்திப் பார்க்கலாம். நாதசுர மேதை காருகுறிச்சி அருணாசலம் (1921–1964) கையில் கட்டியிருந்தது என்று சொல்லி ஒருவர் ஒரு வாட்சை நீட்டுகிறார் என்று வைத்துக்கொள்வோம். இசை கேட்டு வளர்ந்தவருக்கு அந்தப் பெயரைக் கேட்டதுமே கை நீளும். ஆனால் கேட்க வேண்டியவை சாதாரணக் கேள்விகள். அந்த மாடல் 1964க்கு முன்னால் சந்தைக்கு வந்திருந்ததா? மணிக்கட்டு தெரியும் புகைப்படத்தில் அதே கேஸும் அதே டயலும் இருக்கின்றனவா? அவர் குடும்பத்திடமிருந்து இவர் கைக்கு வந்த வழி எழுத்தில் இருக்கிறதா? முதல் கேள்விக்கே ‘இல்லை’ என்றால் மற்ற இரண்டைக் கேட்க வேண்டியதில்லை. ‘எங்க தாத்தா பொய் சொல்ல மாட்டார்’ என்பது பாசத்துக்குப் போதுமான சான்று, விலைக்குப் போதாது. பின்மூடியில் பொறித்த பெயரும் தனியாக நின்றால் சான்றாகாது, ஏனென்றால் இன்றைக்கு எந்தப் பெயரையும் யாரும் பொறித்துவிடலாம்.

கதை உண்மையாகவே இருந்தாலும் உரிமை யாருடையது என்று பார்க்காமல் வாங்குவது அடுத்த பள்ளம். பீட்டில்ஸ் குழுவின் ஜான் லெனனின் 40ஆவது பிறந்தநாளுக்காக 1980இல் அவர் மனைவி யோகோ ஓனோ ஒரு பட்டேக் ஃபிலிப் வாட்சைப் பரிசளித்தார். லெனன் கொல்லப்பட்டு ஆண்டுகள் கழிந்தபின் அது வீட்டிலிருந்து களவு போய், கை மாறி மாறி ஒரு வியாபாரியிடம் வந்தது. அவர் காசு கொடுத்துத்தான் வாங்கியிருந்தார். ஆனாலும் வழக்கு சுவிட்சர்லாந்தின் உச்ச நீதிமன்றம் வரை போய், வாட்ச் ஓனோவுக்கே உரியது என்று 2024இல் முடிந்தது. நம் குடும்பங்களில் இது வேறு வடிவத்தில் வரும். பாகம் பிரிக்கும்போது வீடும் வயலும் பத்திரத்தில் ஏறும், வாட்ச் ஏறாது. பத்து ஆண்டு கழித்து அதற்கு விலை இருக்கிறது என்று தெரிந்ததும் சித்தப்பா வீட்டிலிருந்து ஆள் வரும். விற்பவரிடமும் வாங்குபவரிடமும் கையெழுத்திட்ட ஒரு தாள் இருப்பது இருவருக்கும் நல்லது.

இசைப் பிரியர்கள் மட்டுமே செய்யும் தவறு ஒன்று இருக்கிறது. சேகரிப்பு விலையை நாதத்தின் விலையாக எடுத்துக்கொள்வது. அசல் பூச்சு, அசல் பெட்டி, குறைவான உற்பத்தி ஆகியவை கிட்டாரின் விலையைக் கூட்டும்; ஒலியைக் கூட்ட மாட்டா. வாசிப்பதற்காக வாங்குகிறவருக்கு, மறுபூச்சு அடித்ததால் விலை இறங்கிய கிட்டார்தான் உண்மையில் லாபம். பிரேசில் ரோஸ்வுட் என்ற சொல்லுக்குக் கொடுக்கும் விலையும் அப்படியே. மார்ட்டின் நிறுவனம் 1969இல் அதை விட்டு இந்திய ரோஸ்வுட்டுக்கு மாறியது. அது வேறொன்றுமில்லை, மேற்குத் தொடர்ச்சி மலையில் வளரும் ஈட்டி, அதாவது இங்குள்ள பழைய வீடுகளில் கட்டிலாகவும் நாற்காலியாகவும் கிடக்கும் தோதகத்தி. அந்த மரத்தில் செய்த கிட்டார்கள் உலகமெங்கும் மேடை ஏறிக்கொண்டுதான் இருக்கின்றன.

மரம் சட்டத்தையும் இழுத்துக்கொண்டு வரும். அழிந்துவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தில் பிரேசில் ரோஸ்வுட் 1992 முதல் மிகக் கடுமையான பட்டியலில் இருக்கிறது. அமெரிக்காவிலுள்ள மாமா வாங்கி அனுப்பும் 1960களின் மார்ட்டின், உரிய அனுமதி இல்லாமல் எல்லை தாண்ட முடியாது. பிற ரோஸ்வுட் வகைகள் 2017இல் கட்டுப்பாட்டுக்குள் வந்து, செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு மட்டும் 2019இல் விலக்குக் கிடைத்தது. பழைய கிட்டார்களில் கம்பிகளைத் தாங்கும் சிறு மேட்டில் தந்தம் இருந்தால் இங்கே அதை விற்பதே குற்றமாகலாம். அது எலும்பா, தந்தமா என்று தெரிந்த பிறகுதான் பேரம் பேச வேண்டும்.

பராமரிப்பில் சீமையின் வானிலை ஒரு தனிக் கணக்கு. சித்திரை வெயிலில் மரம் காய்ந்து வெடிக்கும். ஆனி, ஆடியில் தென்காசி, குற்றாலம் பக்கம் சாரல் காலத்து ஈரத்தில் ஊதும். தூத்துக்குடி, திருச்செந்தூர்க் கரையில் உப்புக்காற்று முறுக்காணிகளையும் வாட்சின் கேஸையும் அரிக்கும். கிட்டாருக்கு ஏறத்தாழ 45 முதல் 55 சதவீத ஈரப்பதம் நல்லது. பெட்டிக்குள் வைத்து மூடி, வீட்டின் நடு அறையில் வைத்தாலே பாதிக் கவலை தீரும். தகரக் கூரையை ஒட்டிய பரணும், வெயிலில் நிற்கும் காரும் ஆகவே ஆகா, ஏனெனில் அந்தச் சூட்டில் பசை இளகி, கம்பிகள் கட்டியிருக்கும் பிரிட்ஜ் தூக்கிக்கொள்ளும். மரத்துக்கு நல்லது என்று தேங்காயெண்ணெய் தடவுவது இன்னொரு வீட்டு வழக்கம். அது சிக்குப் பிடித்து அழுக்கைச் சேர்க்கும். எல்லாவற்றையும்விட விரைவாகக் கிட்டாரைக் கொல்வது, நைலான் கம்பிக்காகச் செய்த கிட்டாரில் எஃகுக் கம்பி கட்டுவது. நைலான் கம்பிகளின் மொத்த இழுவிசை ஏறத்தாழ 40 கிலோ. எஃகுக் கம்பிகள் 70 கிலோவுக்கு மேல் இழுக்கும். சில மாதங்களில் முன்பலகை வயிறு தள்ளிவிடும்.

விற்க முடிவு செய்தால், இணையத்தில் கேட்கும் விலையைப் பார்க்காமல் விற்று முடிந்த விலையைப் பார்க்க வேண்டும். ஏலச் செய்தியில் வரும் தொகையில் வாங்குபவர் ஏல நிறுவனத்துக்குக் கட்டும் கமிஷனும் சேர்ந்திருக்கும் என்பதையும் மறக்கக் கூடாது. 2008 நெருக்கடியில் பழைய கிட்டார்களின் விலை சரிந்தது, ஆகவே ஏறிக்கொண்டேதான் போகும் என்ற பேச்சை நம்ப வேண்டாம். எச்.எம்.டி. ஜனதா போன்றவை ஏராளமாக உற்பத்தியானவை. வயதுக்காக மட்டும் அவற்றுக்கு யாரும் பெரிய விலை தர மாட்டார்கள். படம் எடுக்கும்போது குறைகளையும் சேர்த்து எடுக்க வேண்டும். கிட்டாரைச் சென்னைக்கு அனுப்புவதானால் கம்பிகளைத் தளர்த்தி, கழுத்துக்கு அடியிலும் தலைப்பகுதியைச் சுற்றியும் துணி வைத்து, கெட்டிப் பெட்டியில் போட்டு அனுப்பலாம். வாட்சைக் கூரியரில் போடாமல் கையோடு கொண்டுபோவதே நல்லது.