மலையில் ஸ்டோரேஜ் நிறுவப் போகிறவர்களுக்கு

ஹட்டனைச் சுற்றியுள்ள தோட்ட அலுவலகங்களில்தான் என் வேலை. அங்கே ஸ்டோரேஜில், அதாவது பல டிஸ்க்குகளில் பதிவுகளைச் சேமிக்கும் இயந்திரத்தில், ஏறுவது பெரும்பாலும் செக்ரோல் என்னும் வேலைநாள் பதிவேடு. ஒரு நாள் வேலையை எங்கள் பக்கம் 'ஒரு பேர்' என்போம். யாருக்கு எத்தனை பேர், எத்தனை அரைப்பேர், ஈபிஎஃப் என்னும் ஊழியர் சேமலாப நிதிக்கு எவ்வளவு பிடித்தார்கள் என்பதெல்லாம் அதில்தான். என் அம்மா கொழுந்தெடுத்த தோட்டத்தில் பழைய செக்ரோல் புத்தகங்கள் ஒழுகும் கூரைக்கடியில் கிடந்து, தாளோடு தாள் ஒட்டிப்போயின. ஈபிஎஃப் எடுக்கப் போனபோது சில வருஷங்கள் அவர் வேலை செய்ததையே காட்ட முடியவில்லை. அதனால் இந்த வேலையில் நான் அவசரப்படுவதில்லை, நீங்களும் அவசரப்படாதீர்கள்.

லொறி வந்து இறக்கியதும் பெட்டியைப் பிரிக்க வேண்டாம். இரவோடு இரவாகக் கினிகத்தேனை ஏற்றம் ஏறி வந்த இரும்பு நன்றாகக் குளிர்ந்திருக்கும். கதகதப்பான அறையில் உடனே பிரித்தால் அதற்கு வியர்க்கும். ஒருமுறை பிரித்த கையோடு டிஸ்க் செருகும் தட்டில் விரலை வைத்துப் பார்த்தேன், ஈரம் ஒட்டியது. அன்று கரண்ட் கொடுத்திருந்தால் அவ்வளவுதான். ஒரு முழு நாள் மூடியபடியே அறையில் கிடக்கட்டும்.

"இங்கேதான் குளிராச்சே, ஏசி எதற்கு?" என்று கேட்பார்கள். உயரம் கூடக் கூடக் காற்று லேசாகிறது, லேசான காற்று சூட்டைக் குறைவாகவே அள்ளிச் செல்லும். பல இயந்திரங்களின் கையேட்டில் 35 பாகை வரை தாங்கும் என்றிருக்கும். ஆனால் அது ஏறத்தாழ 950 மீட்டர் உயரம் வரைக்குமான கணக்கு. அதற்கு மேல் ஒவ்வொரு 300 மீட்டருக்கும் ஒரு பாகை கழிக்கச் சொல்வார்கள். 1,868 மீட்டரில் இருக்கும் நுவரெலியாவில் அந்த 35 பாகை 32 ஆகிவிடும். உங்கள் இயந்திரத்தின் கையேட்டைப் பார்த்து இந்தக் கழிவைப் போடுங்கள். ஜன்னலைத் திறந்து வைத்தால் போதும் என்றும் நினைக்க வேண்டாம், மூடுபனி நேரே உள்ளே வரும். ஈரப்பதம் காட்டும் சின்ன மீட்டர் ஒன்றைச் சுவரில் மாட்டி, 80 சதவீதம் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

மின்சாரத்தில் இரண்டு விஷயம். இயந்திரத்தில் இரண்டு பவர் சப்ளை இருப்பது இரண்டு தனித்தனி லைனில் கொடுப்பதற்குத்தான். இரண்டையும் ஒரே யூபிஎஸ்ஸில் (கரண்ட் போனால் சிறிது நேரம் தாங்கும் பேட்டரிப் பெட்டியில்) செருகினால் ஒன்று இருப்பதற்குச் சமம். அடுத்தது இடி. ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேரங்களில் நம் மலையில் எப்படி இடிக்கும் என்று தெரியும்தானே? எர்த்தை ஆள் வைத்து அளந்து பாருங்கள். ஃபெக்டரிக்கும் அலுவலகத்துக்கும் இடையில் செம்புக் கேபிள் இழுக்க வேண்டாம், மின்னல் அதன் வழியாகவும் வரும். கண்ணாடி இழையான ஃபைபர் போடுங்கள்.

ராக் என்னும் இரும்புச் சட்டத்தில் ஏற்றும்போது டிஸ்க்குகளைக் கழற்றி, எது எந்த இடத்தில் இருந்தது என்று எழுதிவைத்துவிட்டுத் தூக்குங்கள். பாரம் கீழே இருக்கட்டும். கரண்ட் போடும் ஒழுங்கு: முதலில் நெட்வொர்க் ஸ்விட்ச், பிறகு டிஸ்க் பெட்டிகள், அவை அடங்கியதும் டிஸ்க்குகளை ஆளும் கொன்ட்ரோலர், கடைசியில் அவற்றைப் பயன்படுத்தும் சேர்வர். நிறுத்துவது இதற்குத் தலைகீழ்.

இரண்டு கொன்ட்ரோலருக்கும் தனித்தனி ஐபி முகவரி கொடுத்து, கம்பெனி போட்டனுப்பிய பாஸ்வேர்டை அந்த நிமிஷமே மாற்றுங்கள். மென்பொருளைப் புதுப்பிப்பதானால் டேட்டா ஏறுவதற்கு முன்பே செய்துவிட வேண்டும். நேரத்தை, நெட்வொர்க் வழியே சரியான நேரம் தரும் என்டிபியோடு இணைத்து, 'ஆசியா/கொழும்பு' என்று தேர்ந்தெடுங்கள், வெறுமனே உலக நேரத்தோடு ஐந்தரை மணி கூட்டல் என்று போடாதீர்கள். 1996இல் நம் கடிகாரத்தை முன்னே தள்ளி, 2006 ஏப்ரலில்தான் பழைய இடத்துக்குக் கொண்டுவந்தார்கள். அந்தப் பத்து வருஷப் பதிவுகளின் நேரம் சரியாக விழ அந்தப் பெயர் வேண்டும்.

இனி டிஸ்க் கணக்கு. 8 டெராபைட்டில் 12 டிஸ்க் என்று வைத்துக்கொள்வோம். ஒன்று மாற்று டிஸ்க்காகச் சும்மா காத்திருக்கும். மீதி 11ஐ, இரண்டு டிஸ்க் போனாலும் டேட்டா தப்பும் ரெய்ட் 6 முறையில் சேர்த்தால் இரண்டு பாதுகாப்புக்குப் போகும், மிஞ்சுவது 9, அதாவது 72 டெராபைட். கம்பெனி ஆயிரத்தால் எண்ணுகிறது, சேர்வர் 1,024ஆல் எண்ணும், அதனால் திரையில் 65 சொச்சம்தான் தெரியும். இதை முன்னாலேயே தோட்ட மனேஜர் துரைக்குச் சொல்லிவிடுங்கள். ஒரு டிஸ்க் போனால் மட்டுமே தாங்கும் ரெய்ட் 5 போட்டால் இன்னும் ஒரு டிஸ்க் மிச்சம் என்பார்கள், சம்மதிக்காதீர்கள். பெரிய டிஸ்க் ஒன்று போனால் அதைத் திரும்பக் கட்டி முடிக்க வெகுநேரம் எடுக்கும், அதற்குள் அதே வயதுள்ள இன்னொன்று போனால் எல்லாம் போச்சு.

ஸ்டோரேஜை நெட்வொர்க் வழியே சேர்வரோடு இணைக்கும் ஐஸ்கசி முறை என்றால் இரண்டு ஸ்விட்ச், இரண்டு தனி வலை. ஒரு தடவையில் போகும் பொதியின் அளவை, அதாவது எம்டியூவை, 9,000 பைட் என்று வைத்தால் வழியெங்கும் அதே அளவு இருக்க வேண்டும். துண்டாக்காதே என்று சொல்லி 8,972 பைட்டில் பிங் என்னும் சோதனைச் செய்தி அனுப்பிப் பாருங்கள். பதில் வராவிட்டால் நடுவில் ஏதோ ஒன்றில் இன்னும் 1,500 இருக்கும். எச்சரிக்கை மெயிலைப் பெரிய கிளாக்கரையாவுக்கு மட்டும் அனுப்பினால் போதாது, இரவிலும் ஃபோனைப் பார்க்கும் ஒருவருக்கும் போகட்டும்.

டேட்டா ஏற்றும் முன் ஒரு பின்னேரம் முழுக்க ஒதுக்கி எல்லாவற்றையும் பிடுங்கிப் பாருங்கள். பெரிய ஃபைல் ஒன்று ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒரு பவர் கேபிள். திரும்பப் போட்டபின் ஒரு நெட்வொர்க் கேபிள். பிறகு ஒரு டிஸ்க். பச்சை விளக்கு ஆரஞ்சாகி, மாற்று டிஸ்க் தானாக எழுந்து வேலையைத் தொடங்க வேண்டும், மெயிலும் வர வேண்டும். ஒரு இடத்தில் எல்லாம் ஓடியது, மெயில் மட்டும் வரவில்லை. தேடிப் பார்த்தால், பெயரை வைத்து முகவரியைக் கண்டுபிடித்துத் தரும் டிஎன்எஸ் போட மறந்திருந்தேன். அன்று பிடுங்கியிராவிட்டால் டிஸ்க் போவது யாருக்கும் தெரியாமலே இருந்திருக்கும்.

ஒரு நேரத்து டேட்டாவை அப்படியே பிடித்துவைக்கும் ஸ்னாப்ஷொட் அதே டிஸ்க்கில்தான் இருக்கிறது, அதை பேக்கப் என்று எண்ணாதீர்கள். இரண்டாவது பிரதி வேறு மலையில், முடிந்தால் கொழும்பில் இருக்கட்டும். 2014 ஒக்டோபர் 29 காலையில் மண்சரிவில் மீரியபெத்தைத் தோட்டத்து லயங்கள் (தொழிலாளர் வீட்டு வரிசைகள்) மண்ணுக்குள் போனதை நாம் பார்த்தோம். அதற்குப் பிறகும் ஒரே கட்டடத்தில் இரண்டு பிரதி வைக்க எனக்கு மனம் வராது.

கிளம்பும் முன் போடும் ஒழுங்கையும் நிறுத்தும் ஒழுங்கையும் தமிழிலும் சிங்களத்திலும் பெரிய எழுத்தில் எழுதி, லெமினேட் செய்து, கதவின் உட்புறம் ஒட்டிவிடுங்கள். யூபிஎஸ் எத்தனை நிமிஷம் தாங்கும் என்பதை நீங்களே அளந்து அதன் கீழே எழுதுங்கள்.