பழைய ட்ரெட்மில்லை விற்கிறீர்களா? விற்பனைச் சீட்டில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சேலத்தில் பழைய ஜிம் சாமான்கள் பெரும்பாலும் வாய்ப்பேச்சில்தான் கைமாறுகின்றன. அழகாபுரத்து வீட்டு மாடியிலிருந்து இறங்கும் ட்ரெட்மில், அம்மாபேட்டையில் புதிதாக ஜிம் போடும் தம்பியிடம் போய்ச் சேரும். பணம் போனிலேயே வந்துவிடும், ஒரு துண்டுத் தாள்கூட இருக்காது. சட்டப்படி இதில் தப்பில்லை. 1930-ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம் வாய்மொழி விற்பனையையும் ஏற்கிறது. ஆனால் பத்து நாளில் மோட்டார் நின்றுபோனால் யார் என்ன சொன்னார் என்பதற்கு ஆதாரம் இருக்காது. அதனால் ஒரு பக்கத்துக்கு விற்பனைச் சீட்டு எழுதிக்கொள்வது நல்லது. எழுதுகிறவர்களும் சில இடங்களில் கோட்டை விடுகிறார்கள்.

முதலாவது, ‘ட்ரெட்மில் ஒன்று, ரூ. 28,000’ என்று ஒரே வரியில் முடித்துவிடுவது. எந்த ட்ரெட்மில்? கம்பெனி பெயர், மாடல், சீரியல் எண் மூன்றும் வேண்டும். சீரியல் எண் ஸ்டிக்கர் பெரும்பாலும் மோட்டார் மூடியின் பக்கத்திலோ இரும்பு ஃப்ரேமின் அடிப்பகுதியிலோ இருக்கும். திரையில் ஓடிய மணி நேரமோ கிலோமீட்டரோ தெரிந்தால் அதையும் எழுதுங்கள். சட்டையில் மாட்டிக்கொள்ளும் சேஃப்டி கீயைக் கொடுத்தோமா என்று தனியாகக் குறியுங்கள். பல மெஷின்கள் அது இல்லாமல் ஓடவே ஓடாது. பல பயிற்சிகளை ஒரே இடத்தில் செய்யும் மல்டி ஜிம் என்றால் கேபிள், புல்லி, பின் எல்லாம் எண்ணிக்கையோடு வர வேண்டும். இரும்பு பிளேட்டுகளைக் கிலோ கணக்கில் விலை பேசியிருந்தால், அதில் வார்த்திருக்கும் எண்ணைக் கூட்டாமல் தராசில் நிறுத்து எழுதுங்கள்.

அடுத்தது, எல்லோருக்கும் ரொம்பப் பிடித்த ஒரு வரி: ‘உள்ளது உள்ளபடி விற்கப்பட்டது, இனி எந்தப் பொறுப்பும் இல்லை.’ இதை எழுதிவிட்டால் தப்பித்துவிடலாம் என்று நினைக்கிறார்கள். வீட்டில் இருந்த ஒரு மெஷினை விற்பவர்மீது சட்டம் தானாகவே தர உத்தரவாதத்தைச் சுமத்துவதில்லை, பொதுவாக அது அந்தப் பொருளை வியாபாரமாக விற்பவருக்குத்தான். ஆனால் தெரிந்த பழுதை வேண்டுமென்றே மூடி மறைத்தால் 1872-ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டப்படி அது மோசடி; வாங்கியவர் ஒப்பந்தத்தையே ரத்து செய்யலாம். அந்த வரி அப்போது கைகொடுக்காது. என்னைக் கேட்டால், அதைவிட ‘பெல்ட் ஓரம் பிய்ந்திருக்கிறது, இன்க்ளைன் (சாய்வு) வேலை செய்யவில்லை, எட்டுக்கு மேல் வேகம் வைத்தால் சத்தம் வருகிறது’ என்ற குறைப் பட்டியல்தான் விற்பவருக்குப் பெரிய பாதுகாப்பு. தெரிந்தே வாங்கியவர் பிறகு தெரியாது என்று சொல்ல முடியாது. பேச்சு வாக்கில் ‘மோட்டார் இன்னும் அஞ்சு வருஷம் தாங்கும்’ என்று எழுதிக் கொடுக்காதீர்கள், அது உங்கள் வாக்குறுதி ஆகிவிடும். மெஷின் ஓடுவதை வாங்குபவர் முன்னாலேயே வீடியோ எடுத்து, இருவர் போனிலும் வைத்துக்கொள்ளுங்கள்.

பலர் யோசிக்காமலே விடுவது, பொருள் எந்த நொடியில் கைமாறியது என்பது. தயாராக இருக்கும் குறிப்பிட்ட ஒரு பொருளுக்குப் பேரம் முடிந்ததுமே, வேறு பேச்சு இல்லாவிட்டால், உரிமை வாங்கியவருக்குப் போய்விடும். பணமோ டெலிவரியோ பிறகு என்றாலும் அப்படித்தான். உரிமையோடு சேதத்தின் பொறுப்பும் போகும். ஆனால் மல்டி ஜிம்மை நீங்களே கழற்றிக் கொடுப்பதாகப் பேசியிருந்தால், கழற்றி முடித்து அவருக்குத் தகவல் சொல்லும்வரை உரிமை உங்களிடம்தான். ஏற்காட்டுக்காரர் ஒருவர் உங்கள் மெஷினை வாங்கி, குட்டி யானையில் ஏற்றி, 20 கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டிக் கொண்டுபோகிறார் என்று வையுங்கள். பாதி வழியில் கயிறு அறுந்து திரை உடைந்தால் யார் தலையில் விழும்? ‘வீட்டு வாசலில் வண்டியில் ஏற்றிய நேரத்திலிருந்து சேதத்தின் பொறுப்பு வாங்குபவருடையது, வண்டி வாடகையும் அவருடையது’ என்று தேதியும் நேரமும் போட்டு எழுதினால் அந்தச் சண்டையே வராது. மாடியிலிருந்து இறக்கும் கூலி யாருடையது என்பதையும் சேர்த்துவிடுங்கள், பாதிச் சச்சரவு அங்கேதான் ஆரம்பிக்கிறது.

தவணையில் வாங்கிய மெஷினின் தவணை முடியும் முன் விற்பதும் தவறு. கடன் தந்தவருக்கு அதில் உரிமை இருக்கலாம். கடன் பாக்கி இல்லை, பொருள் என்னுடையது என்று ஒரு வரி எழுதி, பழைய பில்லின் நகலைச் சேர்த்துவிடுங்கள்.

பணம் வந்ததற்கு ஸ்கிரீன்ஷாட்டை நம்பாதீர்கள். உங்கள் வங்கிக் கணக்கில் ஏறியதைப் பார்த்தபின், யூ.பி.ஐ. பரிவர்த்தனை எண்ணைச் சீட்டில் எழுதுங்கள். ‘உங்களுக்குப் பணம் வர கியூ.ஆர். ஸ்கேன் பண்ணி பின் போடுங்க’ என்று வாங்குபவர் சொன்னால், அவர் மெஷின் வாங்க வரவில்லை. பணம் பெற பின் எண் தேவையே இல்லை. அடையாளத்துக்கு முழு ஆதார் நகல் கேட்பதும் கொடுப்பதும் வேண்டாம், கடைசி 4 இலக்கம் மட்டும் தெரியும் மறைத்த ஆதார் போதும்.

ஸ்டாம்ப் பேப்பர் பற்றிப் பெரிய குழப்பம் இருக்கிறது. வெறும் சரக்கு விற்பனைக்கான ஒப்பந்தத்துக்கு அது கட்டாயமில்லை, வெள்ளைத் தாள் போதும். ஆனால் 5,000 ரூபாய்க்கு மேல் பணம் பெற்றதற்கு ரசீது எழுதினால் ஒரு ரூபாய் ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டிக் கையெழுத்திட வேண்டும். சீட்டை இரண்டு பிரதியாக எழுதி, இரண்டிலும் இருவரும் கையெழுத்துப் போட்டு, ஆளுக்கொன்றாக வைத்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவும் வீட்டுச் சாமானை விற்பவருக்கு. ஜி.எஸ்.டி. பதிவு வைத்திருக்கும் ஜிம் தன் மெஷின்களை விற்கிறது என்றால் கையெழுத்துத் தாள் போதாது; வரி இன்வாய்ஸ் வேண்டும். அதற்கு முன் உங்கள் ஆடிட்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.