ஆடி மாதம் வெடித்த மேசை: கையால் தளபாடம் செய்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நான் ஓடர் எடுத்துச் செய்த முதல் சாப்பாட்டு மேசை ஒரு ஆடி மாத இரவில் வெடித்தது. திருகோணமலை உப்புவெளியில் ஒரு ரீச்சருக்குச் செய்து கொடுத்த மேசை அது. விடிந்ததும் போன் வந்தது. "தம்பி, ராத்திரி பட்டாசு கொளுத்தின மாதிரி ஒரு சத்தம். எழும்பிப் பார்த்தா உங்கட மேசை." போய்ப் பார்த்தேன். பலகையின் ஒரு முனையிலிருந்து முழ நீளத்துக்குப் பிளவு. ஐந்து ரூபாய்க் குத்தியை அதற்குள் நிறுத்தி வைக்கலாம். தேக்கு நல்ல தேக்குத்தான், கால்களின் மூட்டு ஒன்றும் அசையவில்லை. பிழை முழுக்க என்னுடையது.

மார்கழி மழையில் செய்த மேசை. மேற்பலகையைக் கீழ்ச் சட்டத்தோடு நாலு பக்கமும் ஸ்குரூ போட்டு இறுக்கியிருந்தேன். அசையாமல் நிற்க வேண்டும் என்ற நினைப்பு. ஆனால் மரம் அசையும். வெட்டிப் பத்து வருடம் ஆனாலும் மழைக்காலத்தில் காற்றின் ஈரத்தைக் குடித்து அகலும், வெயில் காலத்தில் அதை விட்டுவிட்டுச் சுருங்கும். திருகோணமலையில் இந்த ஏற்ற இறக்கம் கொஞ்சம் அதிகம். ஐப்பசியில் தொடங்கும் வாடை மழை தை மாதம் வரை சுவரையே ஊற வைக்கும். வைகாசிக்குப் பிறகு கச்சான் காற்று வீசத் தொடங்கினால் உதடும் வெடிக்கும், பலகையும் வெடிக்கும்.

கணக்கு இதுதான். நீளவாக்கில் மரம் கூடுவதும் குறைவதும் கவனிக்கத் தேவையில்லாத அளவு. அகலவாக்கில்தான் சங்கதி. பச்சைத் தேக்கு முழுக்கக் காய்ந்தால், வளையங்களின் போக்கில் 5 முதல் 6 சதவீதம் வரை சுருங்கும். நடுவிலிருந்து வெளிநோக்கிப் போகும் திசையில் ஏறக்குறைய அதில் பாதிதான். காய்ந்த மரத்திலும் ஈரம் 4 சதவீதம் ஏறி இறங்கினால் போதும், 3 அடி அகல மேசைப்பலகை 3 முதல் 7 மில்லிமீற்றர் வரை மாறும். பலகை எப்படி அரியப்பட்டது என்பதைப் பொறுத்து அது கூடும், குறையும். அந்த 7 மில்லிமீற்றருக்கு நீங்கள் இடம் கொடுக்காவிட்டால் மரம் தானாக ஒரு பிளவைப் போட்டு இடம் எடுத்துக்கொள்ளும்.

பரிகாரம் பெரிய வித்தை இல்லை. சட்டத்தின் உட்பக்கத்தில் ஒரு காடி, அதாவது ஒடுக்கமான பள்ளம், வெட்டுங்கள். விரலளவு சின்னக் கட்டைகளுக்கு ஒரு நாக்குச் சீவி, அந்த நாக்கைக் காடிக்குள் நுழைத்து, கட்டையை மட்டும் மேற்பலகையோடு ஸ்குரூ போட்டுப் பிடியுங்கள். பலகை மேலே தூக்காது, ஆனால் அகலவாக்கில் வழுக்கிப் போய்வரும். மழைக்காலத்தில் செய்தால் பலகை இனிச் சுருங்கத்தான் போகிறது, கட்டை உள்நோக்கி நகர இடம் விடுங்கள். கச்சான் காலத்தில் செய்தால் வெளிநோக்கி. ரீச்சரின் மேசையைத் திரும்பக் கொண்டுவந்து, பிளவு வழியே வாளால் அரிந்து, இரண்டு ஓரத்தையும் சீவி ஒட்டி, இந்த முறையில்தான் பூட்டிக் கொடுத்தேன். அரை அங்குலம் ஒடுங்கிப்போனது. அவர் அளந்து பார்க்கவில்லை.

இதே பிழைதான் அலுமாரிக் கதவிலும் நடக்கும். சட்டத்துக்குள் இருக்கும் நடுப்பலகைக்குப் பசை பூசக் கூடாது, அது காடிக்குள் சும்மா இருக்க வேண்டும். லாச்சியில், அதாவது இழுப்பறையில், தலைகீழாக நடக்கும். ஆவணி வெயிலில் காகிதம் நுழையாத அளவுக்கு இறுக்கமாகச் செய்து காட்டினால் வாங்குபவர் மயங்குவார், கார்த்திகையில் லாச்சி திறக்காது. வெயில் காலத்தில் செய்யும் லாச்சி முகப்புக்கு மேலே ஒரு நூல் (எட்டில் ஒரு அங்குலம்) இடைவெளி விட்டால் பயமில்லை.

சரி, மரம் வாங்கும் இடத்துக்கு வருவோம். மரக்காலையில் "நல்லாக் காய்ஞ்சது" என்று சொல்வதை அப்படியே நம்புவதுதான் அடுத்த பெரிய தவறு. மேல்தோல் காய்ந்திருக்கும், உள்ளே ஈரம் நிற்கும். நிழலில், காற்றோட்டமாக, இடையிடையே சட்டம் வைத்து அடுக்கினால் ஒரு அங்குலத் தடிப்புக்கு ஒரு வருடம் என்பது பொதுக் கணக்கு. ஈரமானி வாங்கினால் நல்லது. இல்லாவிட்டால் பலகையின் முனையில் நாலு விரல் தள்ளி ஒரு துண்டு அரிந்து சமையலறைத் தராசில் நிறுத்துப் பாருங்கள். ஒரு கிழமை கழித்துத் திரும்ப நிறுங்கள். எடை இன்னும் குறைந்துகொண்டிருந்தால் அந்த மரத்தில் உளி வைக்க நேரம் வரவில்லை.

அப்புறம், வெள்ளை. மரத்தின் நடுவில் இருக்கும் வைரம்தான் நமக்கு வேண்டியது. சுற்றி வெளிறிக் கிடக்கும் வெள்ளை உளுத்துப்போகும், கறையானுக்கும் அதுதான் முதல் பந்தி. அதை மையால் நிறம் ஏற்றி மறைத்துச் சேர்ப்பவர்கள் இருக்கிறார்கள். இரண்டு வருடத்தில் மேசைக்கடியில் மாவு கொட்டும்போது யாருடைய பெயர் கெடும் என்று யோசியுங்கள்.

எல்லாரும் தேக்கு, தேக்கு என்கிறார்கள். நம் ஊர்ப் பெயரே ஒரு மரத்துக்கு இருப்பது பலருக்குத் தெரியாது. சாவண்டலையை, சிங்களத்தில் ஹல்மில்ல என்பதை, ஆங்கிலேயர் 'திருங்கோமலி வூட்' என்றுதான் அழைத்தார்கள். சென்னைக் கரையில் அலையை வெட்டிப்போன மசூலாப் படகுகளுக்கு இந்த மரம் இங்கிருந்து போயிருக்கிறது. நேரான ரேகை, வளைந்து கொடுக்கும் குணம். கதிரைக் கால், கதிரை முதுகு என்றால் நான் இதைத்தான் தேடுவேன். முதிரை பளபளப்பில் இதை மிஞ்சும், ஆனால் அதன் ரேகை இரண்டு பக்கமும் மாறி மாறி ஓடும். சீவுளியை எந்தப் பக்கம் தள்ளினாலும் எங்கேயோ ஓரிடத்தில் சிராய் பெயரும். முதிரையில் மொட்டை உளியோடு போராடிவிட்டுச் சாண்ட் பேப்பரால் சரிக்கட்டப் பார்ப்பது வீண். அலகைத் தீட்டி, வெங்காயத் தோல் போலச் சீவி, கடைசியில் இரும்புத் தகட்டால் சுரண்டுங்கள். வீட்டுப் பலாவை வெட்டிச் செய்யலாம் என்று நினைப்பவர்கள் பிரதேச செயலகத்தில் அனுமதி எடுக்காமல் கோடரியைத் தூக்க வேண்டாம்.

வடிவமைப்பில் நடக்கும் தவறுகளில் முக்கால்வாசி போனில் வரும் படத்தால் வருபவை. படத்தில் அழகாக இருக்கும், அளவு இருக்காது. சாப்பாட்டு மேசைக்கு 30 அங்குல உயரம், கதிரையின் இருக்கை 17 அல்லது 18. இரண்டுக்கும் இடையில் ஒரு அடி இருந்தால்தான் கால் மடக்க முடியும். இந்த இடத்தில்தான் பலர் ஏமாறுகிறார்கள். உயரத்தை அளந்துவிட்டு மேசையின் கீழ்ச் சட்டத்தை மறந்துவிடுவார்கள், சட்டம் 5 அங்குலம் இறங்கினால் தொடை இடிக்கும். ஒருவர் முழங்கை இடிக்காமல் சாப்பிட 2 அடி அகலம் வேண்டும். பக்கத்துக்கு மூன்று பேராக ஆறு பேர் மேசை என்று சொல்லி 4 அடி நீளத்தில் செய்து கொடுத்தால் பொங்கலுக்கு வந்த மருமகன் முற்றத்தில் நின்றுதான் சாப்பிடுவார்.

கதிரையை மட்டும் கடதாசியில் தீர்மானிக்காதீர்கள். கழிவுப் பலகையில் ஆணி அடித்து ஒன்று செய்து, வாங்குபவரையே அதில் உட்கார வையுங்கள். நான் ஒருமுறை அப்படிச் செய்தபோது அந்தப் பெரியவரின் பாதம் தரையைத் தொடவில்லை. இருக்கையை ஒன்றரை அங்குலம் இறக்கினேன். வாசலையும் அளக்க வேண்டும். அலுமாரியைக் கொண்டுபோய் யன்னல் கழற்றிய கதை என்னிடமும் உண்டு, சொல்ல வெட்கம்.

செய்யும்போது அளவு ரேப்பை நாலு தரம் இழுத்து நாலு காலைக் குறித்தால் நாலும் நாலு அளவில் வரும். ஒரு சட்டத்தில் எல்லா அளவையும் ஒருமுறை கீறிவிட்டு, அதை ஒவ்வொரு காலோடும் ஒட்ட வைத்துக் குறியுங்கள். மூட்டில் துளையை முதலில் வெட்டி நாக்கை அதற்குப் பொருத்துங்கள். நாக்கின் தடிப்பு மரத்தின் தடிப்பில் மூன்றில் ஒரு பங்கு. கொட்டாப்புளியால் அடித்து ஏற்ற வேண்டியிருந்தால் இறுக்கம் கூட, பசை எல்லாம் வழிந்து வெளியே வந்துவிடும். தேக்கில் எண்ணெய்ப்பசை இருப்பதால் ஒட்டுவதற்கு முன் ஸ்பிரிட் தொட்ட துணியால் துடைத்துவிட்டு உடனே ஒட்டுங்கள்.

கடற்கரை ஊரில் இரும்பு ஆணி, இரும்பு ஸ்குரூ வேண்டவே வேண்டாம். உப்புக் காற்றில் துருப்பிடித்து வீங்கும், துவர்ப்புள்ள மரத்தில் கறுப்பாகக் கசியும். பித்தளை அல்லது ஸ்ரெயின்லெஸ் போடுங்கள். பித்தளை மென்மையானது, நேராக முறுக்கினால் தலை முறிந்து உடல் மரத்துக்குள் நின்றுவிடும். துளை போட்டு, முதலில் அதே அளவு இரும்பு ஸ்குரூவை ஏற்றிக் கழற்றி, பிறகு மெழுகுதிரி தடவிய பித்தளையை ஏற்றினால் வெண்ணெயில் போவதுபோலப் போகும்.

பூச்சு விசயத்தில் சுருக்கமாகச் சொல்கிறேன். மேலே மூன்று தரம் பூசிவிட்டு அடிப்பக்கத்தைப் பச்சையாக விட்டால் இரண்டு பக்கமும் வேறு வேறு வேகத்தில் ஈரம் குடித்து, பலகை வளையும். அடை மழை நாளில் அரக்குப் பொலிஷ் பூசினால் வெள்ளையாகப் புகை படியும். சாப்பாட்டு மேசைக்கு அது சரிவராது, சூடான தேநீர்க் கோப்பை வைத்த இடத்தில் வட்டம் விழும். ஆளிவிதை எண்ணெய் பூசுகிறவர்கள் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் எறிய வேண்டாம். எண்ணெய் காயும்போது சூடு வரும், சுருட்டிய துணிக்குள் அந்தச் சூடு தேங்கித் தானாகத் தீப்பிடிக்கும். பட்டறையில் மரத்தூள் கிடக்கிறது, சொல்லவா வேண்டும்? என் பட்டறைக்குப் பின்னால் ஒரு கொடி கட்டியிருக்கிறேன். எண்ணெய்த் துணிகளை அதில் விரித்துப் போட்டுவிட்டுத்தான் கதவைப் பூட்டுவேன். பக்கத்து வீட்டுக்காரருக்கு அதைப் பார்த்தால் எரிச்சல், இதென்ன கந்தல் தோரணம் என்பார்.