பிள்ளை பெற்ற வீட்டில் டூலாவாகத் துணை நிற்பது எப்படி?

தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போக முடியாத பெண்கள் இன்று நகரங்களில் நிறைய. அம்மாவும் வேலைக்குப் போகிறவராக இருப்பார், இல்லையென்றால் அவருக்கே உடம்புக்கு முடியாது. அந்த இடத்தில் வந்து நிற்பவர்தான் டூலா. மருந்து கொடுப்பது, தையலைப் பார்ப்பது இதெல்லாம் அவர் வேலை இல்லை. பெற்றவளைத் தேற்றி நிமிர்த்துவதுதான் வேலை. இதைத் தொழிலாக எடுக்க நினைப்பவர்களுக்கும், தங்கைக்கோ நாத்தனாருக்கோ துணையாகப் போகிறவர்களுக்கும் இந்த விளக்கம்.

1. எட்டாம் மாதத்திலேயே ஒருமுறை போய்ப் பேசுங்கள்

கணவரும் மாமியாரும் கூட இருக்கட்டும். சமையல் யார், துணி துவைப்பது யார், ராத்திரி யார் எழுந்திருப்பது என்று அப்போதே பேசி முடித்துவிடுங்கள். மருத்துவமனை எண்ணை எல்லோர் போனிலும் ஏற்றச் சொல்லுங்கள்.

2. வீட்டுக்குள் நுழைந்ததும் முதலில் அவளைப் பாருங்கள்

வருகிறவர்கள் எல்லோரும் பிள்ளையைத் தூக்கத்தான் ஓடுவார்கள். நீங்கள் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, "சாப்பிட்டியாம்மா? கொஞ்சமாவது தூங்கினியா?" என்று கேளுங்கள். பால் கொடுக்கும் இடத்தில் கைக்கெட்டும் தூரத்தில் ஒரு சொம்புத் தண்ணீர் எப்போதும் இருக்கட்டும். பச்சை உடம்பு என்று தண்ணீரைக் குறைக்கும் வழக்கம் பல வீடுகளில் இன்னும் இருக்கிறது. அதனால் மலச்சிக்கல் வரும், தையல் போட்ட உடம்புக்கு அது பெரிய வேதனை. பூண்டுக் குழம்பு தாராளமாகக் கொடுக்கலாம். பத்தியம் என்று கீரையையும் பழத்தையும் நிறுத்தினால் மட்டும், மாமியாரிடம் தனியாக, மரியாதையாகப் பேசுங்கள். இரும்புச்சத்து மாத்திரை பிரசவத்துக்குப் பின் 180 நாள் போட வேண்டும். பலரும் பாதியில் விடுவது இதைத்தான், ஞாபகப்படுத்துங்கள்.

3. பால் கொடுக்கும்போது கூட இருங்கள்

புதுத் தாய் அதிகம் அழுவது இங்கேதான். முதல் இரண்டு மூன்று நாள் சீம்பால் கொஞ்சமாகத்தான் வரும். பிறந்த பிள்ளையின் வயிற்றுக்கு அது போதும். "பாலே இல்லையே" என்று யாராவது சொன்னதும் சர்க்கரைத் தண்ணீரோ தேனோ தொட்டு வைக்க விடாதீர்கள். ஒரு வயது வரை தேன் ஆகவே ஆகாது.

பிள்ளையின் வயிறு தாயின் வயிற்றோடு ஒட்டியிருக்க வேண்டும். வாயை நன்றாகத் திறந்ததும் மார்போடு அணைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். காம்பை மட்டும் பிடித்தால் வலிக்கும், புண்ணாகும். சுற்றியிருக்கும் கருவட்டமும் வாய்க்குள் போக வேண்டும், தாடை மார்பில் பட வேண்டும். வலித்தால் சுண்டுவிரலை வாயோரம் விட்டுப் பிடியை எடுத்து, மறுபடி வைக்கலாம். சிசேரியன் ஆனவளுக்கு ஒருக்களித்துப் படுத்துக் கொடுப்பது சுலபம்.

ஒரு நாளைக்கு 8 முதல் 12 தடவை கொடுக்க வேண்டும். பால் போதுகிறதா என்ற பயத்துக்கு நல்ல பதில் ஈரத்துணிதான். ஐந்தாம் நாளுக்கு மேல் ஒரு நாளில் ஆறு தடவையாவது மூத்திரம் போனால் பெரும்பாலும் கவலையில்லை. எடை முதலில் கொஞ்சம் குறைந்து, இரண்டு வாரத்துக்குள் பிறந்த எடைக்குத் திரும்பிவிடும்.

4. பிள்ளைக்குச் செய்ய வேண்டியது கொஞ்சம்தான்

தொப்புளில் எதுவும் தடவாமல் உலர விடுங்கள். மூக்கில் எண்ணெய் ஊற்றுவது, வாயால் ஊதிச் சளி எடுப்பது, சாம்பிராணிப் புகை காட்டுவது எதுவும் வேண்டாம். மல்லாக்கப் படுக்க வைத்துத் தூங்க விடுங்கள்.

5. கணவர் கையில் பிள்ளையைக் கொடுங்கள்

ஏப்பம் விட வைப்பது, துணி மாற்றுவது இரண்டையும் அவருக்கு முதல் வாரமே பழக்குங்கள். நீங்களே எல்லாம் செய்தால், நீங்கள் போன பிறகு அவர் தடுமாறுவார். அவள் தொடர்ந்து நான்கைந்து மணி நேரம் தூங்க ஒரு வழி கிடைத்தாலே பாதி பாரம் குறையும்.

6. மனசையும் கவனியுங்கள்

முதல் இரண்டு வாரத்தில் காரணமில்லாமல் அழுகை வருவது சகஜம். கூட இருந்து கேட்டாலே போதும். அது இரண்டு வாரம் தாண்டியும் நீடித்தால், பிள்ளை தூங்கும்போதும் அவளுக்குத் தூக்கம் வராவிட்டால், மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். "கொழுப்பு, திமிர்" என்று பேசுகிறவர்களை அவள் அறைக்குள் விடாதீர்கள். அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-இல் எந்நேரமும் தமிழில் பேசலாம். தன்னையோ பிள்ளையையோ ஏதாவது செய்துவிடுவேன் என்று சொன்னாலோ, இல்லாத குரல் கேட்கிறது என்றாலோ தனியாக விடாமல் அன்றே மருத்துவமனைக்குக் கொண்டு போக வேண்டும்.

7. இவற்றைப் பார்த்தால் காத்திருக்காதீர்கள்

ஒரு மணி நேரத்துக்குள் ஒரு நாப்கின் முழுதும் நனைகிற ரத்தப்போக்கு, காய்ச்சல், கடும் தலைவலியோடு பார்வை மங்கல், வலிப்பு, ஒரு கால் மட்டும் வீங்கி வலிப்பது, மூச்சுத்திணறல்: இவை தாய்க்கு. பிள்ளைக்கு 100.4 டிகிரி காய்ச்சல், உடம்பு சில்லிட்டுப் போவது, பால் குடிக்காமல் துவண்டு கிடப்பது, மூச்சு இரைப்பது, முதல் நாளிலேயே மஞ்சள் அல்லது உள்ளங்கால் வரை பரவிய மஞ்சள். 108-ஐ அழையுங்கள், கைவைத்தியம் எதுவும் பார்க்க வேண்டாம்.

8. மெல்ல விலகுங்கள்

நான்காம் வாரத்திலிருந்து வரும் நேரத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள். ஆறாம் வாரம் பிள்ளைக்குத் தடுப்பூசி இருக்கிறது. அதே நாளில் அவளுடைய பரிசோதனைக்கும் நேரம் வாங்கிவிடுங்கள். ரத்த அழுத்தம், தையல், அடுத்த பிள்ளைக்கான இடைவெளி என்று மருத்துவரிடம் கேட்க வேண்டியதை முந்தின நாளே அவளையே ஒரு தாளில் எழுதச் சொல்லுங்கள்.