பந்தியிலிருந்து தொடங்குங்கள்: கலாத்தியரை நான்கு வாரம் வீட்டுக் கூட்டத்தில் நடத்தும் முறை

தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் வீட்டு ஜெபக்கூட்டமோ அன்பியமோ (கத்தோலிக்கரின் அக்கம்பக்கத்து வீட்டுக் கூட்டம்) நடத்துகிற யாரும் இந்தக் கேள்விகளிலிருந்து தப்ப முடியாது: பொட்டு வைக்கலாமா, நகை போடலாமா, மாரியம்மன் பண்டிகைக்குப் பக்கத்து வீட்டில் கொடுத்த கூழைக் குடிக்கலாமா? முதல் நாளே ஆம், இல்லை என்று சொல்லிவிட்டால் கூட்டம் இரண்டாகப் பிரிந்துவிடும். பவுல் கலாத்தியா நாட்டுச் சபைகளுக்கு எழுதிய நிருபத்தை (கடிதத்தை) வைத்து, நியாயப்பிரமாணம், அதாவது மோசேயின் சட்டம், எதற்கு, ஆவியால் நடத்தப்படுவது என்றால் என்ன என்பதை முதலில் படித்துவிட்டு, மூன்றாம் வாரம் இந்தக் கேள்விகளுக்கு வாருங்கள்.

ஒரு கூட்டத்துக்கு 8 முதல் 12 பேர், நேரம் ஒன்றேகால் மணி. பன்னிரண்டைத் தாண்டினால் இரண்டு பேர் பேசுவார்கள், மற்றவர்கள் ஆமென் சொல்வார்கள். மே, ஜூன் வேண்டாம். மாங்காய் சீசனில் பாதிப் பேர் தோப்பிலும் மண்டியிலும் இருப்பார்கள்.

முதலில் சொற்களைச் சரிசெய்யுங்கள். பழைய மொழிபெயர்ப்பில் 'நியாயப்பிரமாணம்' என்று இருப்பது, கத்தோலிக்கர் கையிலுள்ள 1995 பொது மொழிபெயர்ப்பில் 'திருச்சட்டம்'. அங்கே 'மாம்சம்' என்றால் இங்கே 'ஊனியல்பு'. ஓசூர்ப் பக்கம் தெலுங்கு பைபிள் வைத்திருப்பவர் 'தர்மசாஸ்திரமு' என்று வாசிப்பார். நியாயப்பிரமாணம், திருச்சட்டம், தர்மசாஸ்திரமு மூன்றும் ஒன்றுதான் என்று முதலிலேயே சொல்லாவிட்டால் அரை மணி நேரம் வீணாகும். 'மாம்சம்' என்றதும் உடம்பு, காமம் என்று மட்டும் எடுத்துக்கொள்வார்கள். கடவுளை விட்டுத் தன் இஷ்டப்படி நடக்கிற சுபாவம் முழுவதும் அதில் அடக்கம். புதிதாக வந்தவருக்கு 'ஆவி' என்றாலே பேய்தான். அவர் இருக்கும் வரை 'பரிசுத்த ஆவியானவர்' என்று முழுசாகச் சொல்லுங்கள்.

முதல் வாரம்: பந்தி

நிருபம் முழுவதையும் சத்தமாக வாசியுங்கள். 6 அதிகாரம், 149 வசனம். நிதானமாக வாசித்தாலும் 25 நிமிடத்துக்குள் முடியும். துண்டு துண்டாக வாசித்தால் பவுலின் கோபம் தெரியாது. மற்ற நிருபங்கள் பலவற்றில் வாழ்த்து முடிந்ததும் நன்றி சொல்கிற மனிதர், இதில் நேராகச் சண்டைக்குப் போகிறார்.

பிறகு 2:11–14க்குத் திரும்புங்கள். பலர் விருத்தசேதனத்தில் (நுனித்தோலை நீக்கும் யூதச் சடங்கு) தொடங்குவார்கள். நம் ஊரில் அது யாருக்கும் ஒட்டாது. பந்தி ஒட்டும். அந்தியோகியாவில் பேதுரு யூதரல்லாத விசுவாசிகளோடு உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். யூதர் மற்றவர்களோடு பந்தியில் உட்காரக் கூடாது என்பது பழைய ஒழுங்கு. எருசலேம் சபைத் தலைவர் யாக்கோபிடமிருந்து ஆட்கள் வந்ததும் பயந்து விலகினார். பவுல் எல்லார் முன்னாலும் அவரைக் கண்டித்தார். ஒரு சட்டத்தைக் காப்பாற்றப் போய்ச் சகோதரனை எழுப்பி வேறு பந்திக்கு அனுப்பியதுதான் அங்கே பிரச்சினை.

அன்று கூட்டம் முடிந்து டீ வரும்போது கவனியுங்கள். யாருக்குச் சில்வர் டம்ளர், யாருக்குப் பேப்பர் கப்? திண்ணையில் யார், பாயில் யார்? அந்த வீட்டாரை வைத்துக்கொண்டு இதைக் கேட்காதீர்கள், அவர்களுக்குத் தலைகுனிவாகும். அடுத்த வாரத்திலிருந்து எல்லாருக்கும் ஒரே மாதிரி கப் என்று நீங்களே வாங்கிப் போய்விடுங்கள். காரணம் யாரும் கேட்க மாட்டார்கள், எல்லாருக்கும் புரியும்.

இரண்டாம் வாரம்: உபாத்தி

3:24இல் நியாயப்பிரமாணம் கிறிஸ்துவிடம் வழிநடத்துகிற 'உபாத்தி' என்று வருகிறது. தெலுங்கில் 'பாலசிக்ஷகுடு'. இரண்டையும் கேட்டதும் பிரம்பு பிடித்த வாத்தியார்தான் மனதில் வருவார். பவுல் சொன்ன ஆள் வாத்தியார் இல்லை. பையனைப் பள்ளிக்குக் கூட்டிப்போய், கூட்டிவந்து, வழியில் அவன் நடத்தையைக் கண்டிக்கிற வீட்டு அடிமை. அங்கன்வாடிக்குப் பேரனைக் கைப்பிடித்துக் கூட்டிப்போகிற பெரியம்மாவைச் சொல்லுங்கள். பையனுக்கு வயது வந்தபின் அந்தக் கை தேவையில்லை. ஆனால் அவள் கெட்டவளும் இல்லை. இந்த இரண்டாவதை விட்டுவிட்டால் 'பழைய ஏற்பாடே வேண்டாம்' என்று ஒருவர் கிளம்புவார். அவருக்கு 'அழிக்க அல்ல, நிறைவேற்றவே வந்தேன்' என்று இயேசு சொல்லும் மத்தேயு 5:17 போதும்.

பலிமுறைச் சட்டம், அரசுச் சட்டம், ஒழுக்கச் சட்டம் என்று மூன்றாகப் பிரித்து, முதல் இரண்டும் முடிந்தன, மூன்றாவது நிற்கிறது என்பார்கள். கத்தோலிக்க இறையியலாளர் தாமஸ் அக்வினாஸ் 13ஆம் நூற்றாண்டிலேயே இப்படிப் பிரித்துக் காட்டியிருக்கிறார். உதவும்தான். ஆனால் பவுல் இந்த நிருபத்தில் அப்படிப் பிரிக்கவில்லை. விருத்தசேதனம் செய்துகொண்டால் நியாயப்பிரமாணம் முழுவதும் தலையில் ஏறும் என்கிறார் (5:3). இதை மறைக்காதீர்கள்.

பல சபையார் கலந்து உட்கார்ந்திருந்தால் வேறுபாட்டைச் சுருக்கமாகச் சொல்லிவிடுங்கள். கற்பனைகளை (கடவுளின் கட்டளைகளை) கைக்கொள்வது விசுவாசிக்கு அவசியம் என்று 1547இல் திரெந்து சங்கம் என்ற ஆயர்கள் கூட்டம் கத்தோலிக்கருக்கு வரையறுத்தது. லூத்தரன்கள் சட்டத்தின் முதல் வேலை பாவத்தைக் காட்டுவது என்பார்கள். மறுபிறப்படைந்தவருக்கும் அது வழிகாட்டும் என்று 1577இல் ஒப்புக்கொண்டார்கள். கால்வின் வழிவந்தவர்களுக்கு அந்த வழிகாட்டும் பயன்தான் முக்கியம். பெந்தெகொஸ்தே சபைகள் ஆவியின் நிறைவை அழுத்திச் சொல்லும். வேடிக்கை, உடை, நகைக் கட்டுப்பாடு கடுமையாக இருப்பதும் பல நேரம் அங்கேதான்.

மூன்றாம் வாரம்: தாள்

ஆளுக்கொரு வெள்ளைத் தாள். தான் கடைப்பிடிக்கும், அல்லது கடைப்பிடிக்கச் சொல்லப்படும் 10 விஷயங்களைப் பெயர் போடாமல் எழுதச் சொல்லுங்கள்: பூ வைக்காதது, தசமபாகம் (வருமானத்தில் பத்தில் ஒரு பங்கு கொடுப்பது), தவக்கால வெள்ளியில் கறி சாப்பிடாதது, ஞாயிற்றுக்கிழமை மாங்காய் பறிக்காதது. ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஓரெழுத்து. வேதத்தில் நேரடிக் கட்டளை இருந்தால் 'வே', சபை ஒழுங்கு என்றால் 'ச', ஊர் வழக்கம் என்றால் 'ஊ', தன் மனசாட்சி என்றால் 'ம'. 'வே' போட்டவர் வசன எண்ணும் எழுத வேண்டும். இங்கேதான் பேனா நிற்கும். பத்தில் ஆறை அடித்துவிட்டு 'ச' போடுவார்கள்.

சபை ஒழுங்கைக் கேவலமாகப் பேச இடம் கொடுக்காதீர்கள். அதைக் கடைப்பிடிப்பதில் தவறில்லை. அதை இரட்சிப்பின் அளவுகோலாக்கி, பொட்டு வைத்து வருகிற அக்காவைக் கடைசி வரிசைக்குத் தள்ளுவதில்தான் தவறு. பேதுரு செய்ததும் அதுதான். படையல் கேள்வி வந்தால் அப்போஸ்தலர் 15, ரோமர் 14, 1 கொரிந்தியர் 8 முதல் 10 வரை மூன்றையும் சேர்த்து வாசியுங்கள். ஒன்றை மட்டும் வாசித்தால் அவரவர் விரும்பிய பதில்தான் கிடைக்கும்.

நான்காம் வாரம்: 'ஆவியானவர் சொன்னார்'

ஆவியால் நடத்தப்பட்டால் நியாயப்பிரமாணத்துக்குக் கீழ்ப்பட்டவர்கள் அல்ல என்கிற 5:18 வாசித்ததும் எதிர்ப்பக்கம் சாய்வார்கள்: "அப்போ எனக்கு எந்தச் சட்டமும் இல்லை." உடனே மாம்சத்தின் செயல்களைப் பட்டியல் போடும் 5:19–21க்குப் போங்கள். பழைய மொழிபெயர்ப்பில் 'பகைகள்' தொடங்கி 'பொறாமைகள்' வரை எட்டுச் சொற்கள் தொடர்ந்து வருகின்றன. எட்டும் ஒருவரோடொருவர் ஒத்துப்போகாததைப் பற்றியவை. குடிக்கிறவனைக் காட்டுகிற விரல் இங்கே சபைக் கமிட்டிப் பக்கம் திரும்பும். அடுத்து ஆவியின் கனியைச் சொல்லும் 5:22. ஒன்பது குணம், ஆனால் 'கனி' ஒருமையில் இருக்கிறது. 'எனக்குச் சந்தோஷம் வரம், சாந்தம் அவருக்கு' என்று பங்கு போட முடியாது.

கடைசி அரை மணி நேரம் சோதிக்கும் முறைக்கு. 1 தெசலோனிக்கேயர் 5:19–21இல் ஆவியை அவிக்காதே என்பதும் எல்லாவற்றையும் சோதித்துப்பார் என்பதும் அடுத்தடுத்து நிற்கின்றன. 1 கொரிந்தியர் 14:29 ஒருவர் பேசினால் மற்றவர்கள் நிதானிக்கச் சொல்கிறது. ஆகவே யாராவது "ஆவியானவர் எனக்குச் சொன்னார்" என்று வந்தால் மூன்று கேள்வி: வேதத்துக்கு எதிராக இருக்கிறதா? இதனால் லாபம் யாருக்கு, செலவு யாருக்கு? உங்களோடு ஒத்துப்போகாத ஒரு மூத்த விசுவாசி என்ன சொன்னார்? கல்யாண வரன், வட்டிக்குக் கடன், நிலம் விற்பது என்றால் ஒரு வாரம் காத்திருக்கச் சொல்லுங்கள். அவசரப்படுத்துகிற வெளிப்பாட்டைச் சந்தேகப்படலாம்.

சர்க்கரை மாத்திரையையோ பிரஷர் மாத்திரையையோ நிறுத்தச் சொல்லி வெளிப்பாடு வந்தது என்றால் மட்டும் ஒரு வாரம் கூடக் காத்திருக்க வேண்டாம். மாத்திரையைத் தொடரச் சொல்லி, மறுநாளே ஒருவரைத் துணைக்கு அனுப்பி ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப்போங்கள்.