காலையில் சமைக்காமல் பிள்ளையைப் பசியாற வைப்பது எப்படி

மலேசியாவின் பினாங்கில், பெருநிலத்தில் உள்ள பிறையில் வீடு, தீவில் உள்ள பாயான் லெப்பாஸில் வேலை, நடுவில் கடல்மேல் பினாங்குப் பாலம். இப்படி இருக்கும் வீட்டில் ஒன்றரை வயதுப் பிள்ளைக்காகக் காலையில் அடுப்படியில் நின்று புதிதாகச் சமைப்பது இரண்டு நாள் நடக்கும், மூன்றாம் நாள் கையில் பிஸ்கட்டைத் திணித்துவிட்டுக் கிளம்பிவிடுவோம். அதனால் நான் சொல்வது ஒன்றுதான்: பிள்ளையின் காலைச் சாப்பாட்டை முதல் நாள் இரவுச் சமையலோடு சேர்த்தே முடித்துவிடுங்கள். காலையில் சூடாக்குவதும் நறுக்குவதும் மட்டும் இருக்கட்டும், அதுவும் பத்து நிமிடத்துக்குள். ஒன்றிலிருந்து மூன்று வயது வரை உள்ள பிள்ளைகளை மனதில் வைத்து எழுதுகிறேன்.

முதலில் எதை எப்போது கொடுப்பது என்று பார்த்துவிடலாம், ஏனென்றால் பாதிச் சண்டை அதில்தான் வருகிறது. நம் ஊரில் பெரும்பாலும் ஏழு மணி தாண்டித்தான் வெளிச்சமே வருகிறது. ஆறு மணிக்கு இருட்டில் எழுப்பி உட்காரவைத்தால் பிள்ளைக்குப் பசி எங்கே இருக்கும், தூக்கக் கலக்கம்தான் இருக்கும். எழுப்பி, முகம் கழுவி, உடை மாற்றி, பையை எடுத்து வைத்துவிட்டுக் கடைசியாகச் சாப்பிட உட்காரவையுங்கள், அந்த இருபது நிமிடத்தில் வயிறு விழித்துக்கொள்ளும். சட்டையில் கொட்டிவிடுமே என்றால் மேலே ஒரு பழைய சட்டையை மாட்டிவிடுங்கள், அவ்வளவுதான்.

எழுந்தவுடன் படுக்கையிலேயே பால் புட்டியைக் கொடுப்பது பல வீடுகளில் வழக்கம். எட்டு அவுன்ஸ் பால் உள்ளே போனபின் பிள்ளை இட்லியைத் தொடாது, தொடவும் தேவையில்லை, வயிறு நிறைந்துவிட்டது. ஆனால் பாலில் இரும்புச்சத்து மிகக் குறைவு. பிறக்கும்போது உடம்பில் இருந்த இரும்புச் சேமிப்பு ஆறு மாதத்திலேயே கரைய ஆரம்பித்துவிடும், அப்புறம் சாப்பாட்டிலிருந்துதான் வரவேண்டும். ஒரு வயதுக்கு மேல் நாளொன்றுக்கு அரை லிட்டருக்குள் பால் போதும். காலையில் முதலில் சாப்பாடு, பிறகு ஒரு சின்னக் கோப்பையில் பால் என்று வரிசையை மாற்றிப் பாருங்கள், ஒரு வாரம் அழும், அப்புறம் சரியாகிவிடும். தாய்ப்பால் குடிக்கும் பிள்ளை என்றால் அதை நிறுத்தவேண்டியதில்லை, அதற்கும் இதே வரிசைதான்.

அளவைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் வீட்டில் பாட்டி இருந்தால் "பிள்ளை ஒண்ணுமே சாப்பிடல" என்பது தினமும் கேட்கும் பாட்டு. முதல் வருடத்தில் பிள்ளையின் எடை ஏறக்குறைய மூன்று மடங்காகிறது, இரண்டாம் வருடத்தில் இரண்டு மூன்று கிலோதான் ஏறுகிறது. வளர்ச்சி மெதுவாகும்போது பசியும் குறையும், அது நோயில்லை. பெரியவர் சாப்பிடுவதில் கால்பங்கு, அதாவது இரண்டு குட்டி இட்லி, அரை முட்டை, நாலு துண்டு பப்பாளி, இது ஒரு முழுக் காலைச் சாப்பாடு. தட்டில் என்ன வைப்பது என்பது உங்கள் பொறுப்பு, எவ்வளவு சாப்பிடுவது என்பது அதன் பாடு. கைப்பேசியைக் காட்டி வாயைத் திறக்கவைத்தால் அன்றைக்கு வேலை முடியும், நாளைக்குக் கைப்பேசி இல்லாமல் வாய் திறக்காது.

தட்டில் மூன்று வகை இருந்தால் போதும். வயிறு நிறைய ஒன்று, முட்டை, பருப்பு, மீன் மாதிரிப் புரதமும் இரும்பும் தருவது ஒன்று, ஒரு பழம். பழத்தை ஓர் அலங்காரமாக நினைக்காதீர்கள். கொய்யா, பப்பாளி, ஆரஞ்சு இவற்றில் இருக்கும் வைட்டமின் சி, பருப்பிலும் கீரையிலும் உள்ள இரும்பை உடம்பு உறிஞ்ச உதவுகிறது. தேநீர் அதற்கு நேர் எதிர், அது இரும்பைத் தடுக்கும். பெரியவர்கள் தே ஓ, அதாவது பால் சேர்க்காத தேநீர், குடிக்கும்போது பிஸ்கட்டை அதில் நனைத்துப் பிள்ளை வாயில் வைக்கும் பழக்கத்தை இந்த ஒரு காரணத்துக்காகவே விடலாம்.

இரவு என்ன செய்வது

இதில் பெரிய வித்தை எதுவும் இல்லை. வீட்டுக்குச் சமைக்கும் பருப்புக் கறியில், பருப்பும் காயும் வெந்தவுடன், உப்பு, மிளகாய், சாம்பார்த்தூள் எதுவும் போடுவதற்கு முன்னால் ஒரு சின்ன மங்கில் நாலு கரண்டி எடுத்து வைத்துவிடுங்கள். கேரட், பூசணி, உருளைக்கிழங்கு எது கிடந்தாலும் அதோடு சேர்ந்து வரட்டும். கோழி சூப் வைத்தாலும் அப்படித்தான், மீன் என்றால் ஒரு துண்டு கெம்போங் மீனை மட்டும் மசாலா தடவாமல் ஆவியில் வேகவைத்து, முள்ளை விரலால் தடவித் தடவி எடுத்துவிட்டு வையுங்கள். இதற்குக் கூடுதலாக ஆகும் நேரம் ஒரு மங்கு கழுவும் நேரம்தான். ஆவி அடங்கியதும் மூடி ஐஸ்பெட்டிக்குள் போய்விடவேண்டும், இந்தச் சூட்டில் இரண்டு மணிநேரத்துக்கு மேல் வெளியே விடக்கூடாது. காலையில் ஆவி பறக்கச் சூடாக்கி ஆறவைத்துக் கொடுங்கள். மிஞ்சியதை மறுபடி சூடாக்கவேண்டாம், நீங்களே சாப்பிட்டுவிடுங்கள்.

சோற்றுக்கு இந்த விதி இன்னும் கண்டிப்பு. அரிசியில் இருக்கும் ஒருவகைக் கிருமியின் வித்து வேகவைத்தாலும் சாகாது, ரைஸ் குக்கரை அணைத்துவிட்டு இரவெல்லாம் அப்படியே விட்டால் அது முளைத்து நஞ்சைச் சுரக்கும், காலையில் எவ்வளவு கொதிக்கவைத்தாலும் அந்த நஞ்சு போகாது. பழைய சோறு தாத்தாவுக்கு இருக்கட்டும். பிள்ளைக்குக் கஞ்சி வேண்டும் என்றால் இரவே குழையக் காய்ச்சி ஐஸ்பெட்டியில் வையுங்கள்.

இட்லி மாவு இப்போது நம் மளிகைக் கடைகளில் பையில் கிடைக்கிறது, அரைக்க நேரமில்லை என்று வருத்தப்படவேண்டாம். ஞாயிற்றுக்கிழமை குட்டி இட்லித் தட்டில் ஊற்றி, ஆறியதும் ஒன்றோடொன்று ஒட்டாமல் தட்டில் பரப்பி உறையவைத்து, பிறகு ஒரு பையில் போட்டுக் கட்டி மறுபடி உறைபெட்டியிலேயே வையுங்கள், மூன்று நான்கு வாரம் தாராளமாக வரும். காலையில் எட்டு நிமிடம் ஆவியில் வைத்தால் புதிதாக அவித்த மாதிரியே இருக்கும். மைக்ரோவேவ் என்றால் தண்ணீர் தெளித்து மூடி வையுங்கள், மூடாமல் வைத்தால் ரப்பர்தான். மேலே இரவு எடுத்து வைத்த பருப்பு, அரைத் தேக்கரண்டி நெய்.

கடையில் வாங்கும் காய்ந்த நெத்திலியில், அதாவது இக்கான் பீலிஸில், கால்சியம் நிறைய, உப்பும் நிறைய. தலையையும் குடலையும் கிள்ளிவிட்டு, கால் மணிநேரம் தண்ணீரில் ஊறவைத்து, இரண்டு மூன்று முறை அலசி, ஈரம் போக உலர்த்தி, சின்ன நெருப்பில் மொறுமொறுப்பாகும் வரை எண்ணெயில்லாமல் வறுத்துப் பொடி செய்து புட்டியில் அடைத்து ஐஸ்பெட்டியில் வையுங்கள். கஞ்சியிலோ முட்டையிலோ அரைத் தேக்கரண்டி தூவினால் போதும், எவ்வளவு அலசினாலும் கொஞ்சம் உப்பு இருக்கத்தான் செய்யும், அதனால் தனியாக உப்பு போடவேண்டாம்.

முட்டையைப் பற்றி நிறையச் சொல்லலாம், ஏனென்றால் அவசரக் காலையில் நம்மைக் காப்பாற்றுவது அதுதான். ஒரு முட்டையில் ஆறு கிராம் புரதம். இரவே ஓட்டோடு அவித்து ஐஸ்பெட்டியில் வைத்துவிட்டால் காலையில் உரித்து நறுக்குவது மட்டும்தான் வேலை. கோப்பித்தியாமில், அதாவது காப்பிக் கடையில், தரும் அரைவேக்காட்டு முட்டை நமக்கு ருசி, பிள்ளைக்கு வேண்டாம், வெள்ளையும் மஞ்சளும் இறுகும் வரை வேகவேண்டும். எனக்குப் பிடித்தது முட்டை ரொட்டி: பிசாங் ஏமாஸ் என்ற சின்ன வாழைப்பழத்தில் பாதியை மசித்து, ஒரு முட்டையை உடைத்து ஊற்றி அடித்து, ரொட்டித் துண்டை நனைத்துக் கல்லில் இரண்டு பக்கமும் வாட்டி, விரல் அகலத்துக்கு நீளநீளமாக வெட்டிக் கொடுங்கள். பழத்தின் இனிப்பே போதும், சீனி வேண்டாம். இன்னொன்று, தோசை மாவை ஊற்றியதும் மேலே முட்டையை உடைத்துப் பரப்பி, வீட்டுக்குப் பின்னால் முருங்கை நின்றால் அந்த இலையைப் பொடியாக நறுக்கித் தூவுவது. பச்சையைக் கண்டால் துப்பும் பிள்ளைகூட முட்டைக்குள் ஒளிந்திருப்பதைச் சாப்பிட்டுவிடும், எல்லாப் பிள்ளையும் இல்லை, சில பிள்ளை.

கேழ்வரகு மாவு இரண்டு மேசைக்கரண்டியை முதலில் பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, ஒரு கப் தண்ணீருக்குக் கிளறி ஐந்தாறு நிமிடம் காய்ச்சினால் கூழ். கொஞ்சம் பாலும் மசித்த வாழைப்பழமும் கலந்துவிடுங்கள். அதற்கும் நேரமில்லாத நாளுக்கு ஓட்ஸ்: மூன்று மேசைக்கரண்டி ஓட்ஸை அரைக் கப் பாலில் ஊறவைத்து இரவே ஐஸ்பெட்டியில் வைத்துவிடலாம், காலையில் லேசாகச் சூடாக்கினால் போதும். சர்க்கரைவள்ளிக் கிழங்கு இரவே வேகவைத்தது இருந்தால் அதுவும் ஒரு காலைச் சாப்பாடுதான்.

இந்த இரவு வேலையை யார் செய்வது என்று கேட்டால், மறுநாள் காலை ஷிஃப்ட் இல்லாதவர். அம்மாதான் செய்யவேண்டும் என்று எங்கும் எழுதி வைக்கவில்லை.

வெளியில் வாங்கும் நாள்

அந்த நாளும் வரும், குற்ற உணர்ச்சி வேண்டாம், எதை வாங்குவது என்று தெரிந்தால் போதும். புட்டு மாயம் விற்பவர் வந்தால் இடியாப்பத்தை வாங்குங்கள், சீனியை விட்டுவிட்டுத் தேங்காய்ப்பூவும் வீட்டுப் பருப்பும் சேர்த்துக் கொடுங்கள். நாசி லெமாக்கில் சோறு, முட்டை, வெள்ளரிக்காய் இவை பிள்ளைக்கு, சம்பலும் கடலையும் பொரித்த நெத்திலியும் உங்களுக்கு. ரொட்டி சானாய் எப்போதாவது சரி, தினமும் வேண்டாம், எண்ணெயும் உப்பும் அதிகம். குவே என்ற மலாய்ப் பலகாரம் பெரும்பாலும் இனிப்புப் பண்டம், பசியாற அல்ல.

மைலோவும் இனிப்புப் பானம்தான், சத்துப் பானம் என்று பேர் இருப்பதால் மட்டும் அது சாப்பாடு ஆகிவிடாது. டின்னில் வரும் கெட்டிப்பாலில் ஏறக்குறைய பாதி சீனி, சில டின்களில் பால்கூட இல்லை, பனை எண்ணெய் கலந்த கிரீமர், லேபிளைத் திருப்பிப் படித்தால் தெரியும். இரண்டு வயதுக்குள் சீனி போட்ட பானமே வேண்டாம் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. ஒரு வயது நிரம்பாத பிள்ளை வீட்டில் இருந்தால் தேனையும் கொடுக்காதீர்கள், கூழில் ஒரு சொட்டுகூட.

காரில் ஊட்டவேண்டாம்

இதை மட்டும் கொஞ்சம் அழுத்திச் சொல்கிறேன். காலை ஜேமில் எத்தனையோ காரின் பின்னிருக்கையில் பிள்ளை கையில் ரொட்டியோடு உட்கார்ந்திருப்பதைப் பார்க்கிறோம். 2020 ஜனவரி 1 முதல் சொந்தக் கார்களில் பிள்ளைக்குத் தனி இருக்கை கட்டாயம், அது நல்லது, ஆனால் அதனால் பிள்ளை உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கிறது, தொண்டையில் சிக்கினால் சத்தமே வராது, நீங்கள் பார்க்கவும் மாட்டீர்கள். பாலத்தின் நீளம் 13.5 கிலோமீட்டர், நடுவில் நிறுத்தி இறங்கிப் பிள்ளையைத் தூக்குவது எவ்வளவு கஷ்டம் என்று யோசித்துப் பாருங்கள். தண்ணீர் மட்டும் போதும் காரில்.

வீட்டிலும் வெட்டும் விதத்தில் கவனம் வேண்டும். திராட்சையை நீளவாக்கில் நாலாக, சாசேஜையும் மீன் உருண்டையையும் வட்டமாக வெட்டாமல் நீளமாக, பிறகு பொடியாக. ரம்புத்தான், லோங்கான் என்றால் கொட்டையை நீக்கிக் கிழித்துக் கொடுங்கள். முழுக் கடலை, பச்சைக் கேரட் துண்டு, உறிஞ்சிச் சாப்பிடும் குட்டிக் கோப்பை ஜெல்லி இவை இந்த வயதுக்கு வேண்டவே வேண்டாம். கடலை வெண்ணெய் கொடுக்கலாம், ரொட்டியில் மெல்லிசாகத் தடவி, கரண்டியில் கட்டியாக அல்ல.

முட்டை, மீன், கடலை எதுவானாலும் முதல்முறை கொடுப்பதைச் சனிக்கிழமைக்கு வைத்துக்கொள்ளுங்கள். உடம்பில் தடிப்பு, உதடு வீக்கம், வாந்தி என்று வந்தால் நீங்கள் பக்கத்தில் இருக்கவேண்டும், மூச்சு இழுத்தால் கிளினிக் என்று தேடாமல் நேராக மருத்துவமனைக்கு.

பிள்ளை வீட்டில் இரண்டு வாய்தான் சாப்பிட்டது என்றால் வாய் வைக்காத மீதியை டப்பாவில் போட்டுத் தாஸ்காவுக்கு, அதாவது பிள்ளைப் பராமரிப்பு நிலையத்துக்கு, அனுப்பலாம். அதற்கு முன் அங்கே காலையில் என்ன தருகிறார்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள். பல இடங்களில் எட்டரை மணிவாக்கில் ரொட்டி, பீஹூன், பிஸ்கட் இப்படி ஏதாவது கொடுப்பார்கள், அப்படியானால் வீட்டில் முட்டையும் பழமும் சாப்பிட்டால் போதும், மாவுச்சத்து அங்கே கிடைத்துவிடும். முட்டையோ மீனோ உள்ள டப்பா என்றால் போனவுடன் ஐஸ்பெட்டியில் வைக்க முடியுமா என்றும் கேளுங்கள். முடியாது என்றால் வாழைப்பழமும் வெறும் இட்லியும் அனுப்புங்கள், டப்பாவின் மேல் பெயர் எழுத மறக்கவேண்டாம், எல்லாத் தாஸ்காவிலும் அதே நீலமூடி டப்பாதான் பத்து கிடக்கும்.